டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டின் வரலாறு

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே வெறும் 400 கஜ தூரம்தான். கணினி வலையின் கணக்கில் இரண்டே தாவல்கள். அந்தப் பாதையில் வழக்கமாக வினாடிக்கு 32,000 பிட் என்ற வேகத்தில் தரவு போய்க்கொண்டிருந்தது. திடீரென அது வினாடிக்கு 40 பிட்டாகச் சரிந்தது. 40 பிட் என்பது ஐந்தே ஐந்து ஆங்கில எழுத்துகள். பத்தாயிரம் எழுத்துகள் கொண்ட ஓர் அறிக்கை முன்பு இரண்டரை வினாடியில் சென்றடைந்தது என்றால், இப்போது முப்பத்து மூன்று நிமிடம் பிடிக்கும். அதைத் தாளில் அச்சடித்து, கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போனால் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடலாம்.

கம்பி எதுவும் அறுந்துவிடவில்லை. கணினிகளும் பழுதாகவில்லை. எல்லாப் பொறிகளும் ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. அனுப்பிய தரவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்ததுதான் சிக்கல். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் இதன் காரணத்தைத் தேடிப் போனார். பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி யூனிக்ஸ் குழுவில் இருந்த மைக்கேல் கேரல்ஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். அவர்கள் கண்டறிந்தது இன்று நம் கைப்பேசி வரை வந்து சேர்ந்திருக்கிறது. வலையின் நிலைமை மாறும்போது போக்குவரத்து நெறிமுறை எப்படித் தடுமாறுகிறது, எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்விலிருந்து தொடங்குவது வசதி. ஆனால் அதற்கு முன் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

முனைகளின் கையில் வந்த பொறுப்பு

அர்பாநெட் வலையில் முதலில் இருந்தது என்சிபி என்ற நெறிமுறை. அங்கே தரவைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை வலையின் நடுவில் இருந்த ஐஎம்பி என்ற பொறிகளே பார்த்துக்கொண்டன. ஒரு செய்தி போய்ச் சேர்ந்ததும், அடுத்ததை அனுப்பலாம் என்று வலையே தகவல் சொல்லும். அதுவரை அனுப்பும் கணினி காத்திருக்கும். நெரிசலைப் பற்றி முனையில் இருக்கும் கணினி பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு ஒரே வகையான வலைக்குள் சரியாக இருந்தது. வானொலி அலை வழியே இயங்கும் வலையையும் செயற்கைக்கோள் வலையையும் அர்பாநெட்டோடு இணைக்க நினைத்தபோது அது உடைந்தது. வானொலியில் தரவு தொலையும். செயற்கைக்கோளில் தாமதம் அதிகம். மூன்றுக்கும் பொதுவான ஒழுங்கை நடுவில் இருக்கும் பொறிகள் தர முடியாது. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது: நடுவில் இருப்பவை பொட்டலங்களை (பாக்கெட்) இயன்ற அளவு தள்ளிவிட்டால் போதும், தொலைந்ததைக் கண்டுபிடிப்பது, மறுபடி அனுப்புவது, வரிசைப்படுத்துவது எல்லாம் இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் வேலை. 1977 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஓடிய ஒரு வேனிலிருந்து வானொலி வழியே கிளம்பிய தரவு, செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பாவைத் தொட்டுவிட்டு, அர்பாநெட் வழியே லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது.

டிசிபி செயல்படும் விதம் எளிது. அனுப்புபவர் பொட்டலம் அனுப்புகிறார். பெறுபவர் ஒப்புகைச் சீட்டு அனுப்புகிறார். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று கொண்டு மறுபடி அனுப்ப வேண்டும். ஒப்புகை வருவதற்கு முன்பே எவ்வளவு தரவை அனுப்பி வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குச் சாளரம் என்று பெயர். 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 793 என்ற ஆவணம் இதை வரையறுத்தது. அந்த ஆவணத்தில் சாளரத்தின் அளவைச் சொல்பவர் பெறுபவர் மட்டுமே. என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது, அனுப்பு என்பார். இருவருக்கும் நடுவில் இருக்கும் பாதையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நெரிசல் சரிவு

இந்த ஆபத்தை முதலில் எழுத்தில் வைத்தவர் ஜான் நேகிள். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் டிசிபியால் இயங்கும் தனியார் நெடுந்தொலைவு வலை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. மெதுவான தொலைபேசி இணைப்புகளும் வேகமான ஈதர்நெட்டும் அதில் கலந்திருந்தன. 1984 ஜனவரியில் அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 896 ஆவணத்தில் 'நெரிசல் சரிவு' என்ற சொல் வருகிறது. பாதையில் கூட்டம் கூடினால் தாமதம் கூடும். தாமதம் கூடினால் அனுப்பும் கணினி பொறுமையிழந்து, தொலையாத பொட்டலத்தையே மறுபடி அனுப்பும். அது கூட்டத்தை மேலும் கூட்டும். ஒரு கட்டத்தில் ஒவ்வொரு பொட்டலமும் பல பிரதிகளாகப் போய்க்கொண்டிருக்கும். வலை அந்த நிலையிலேயே நின்றுவிடும், தானாக மீளாது. அர்பாநெட்டில் தேவைக்கு மேல் கொள்ளளவு இருப்பதால் இது இன்னும் பெரிதாகத் தெரியவில்லை என்ற பொருளில் அவர் எச்சரித்திருந்தார். இரண்டே முக்கால் ஆண்டில் அது பெர்க்லியில் நடந்தது.

நேகிள் பெயர் இன்று பெரும்பாலும் வேறொன்றுக்காக நினைவுகூரப்படுகிறது. விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த ஒரு பைட்டுக்கு 40 பைட் தலைப்பு ஒட்டிக்கொண்டு போகும். முந்தைய ஒப்புகை வரும்வரை சின்னச் சின்ன துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பு என்று அதே ஆவணத்தில் அவர் சொன்ன வழிதான் நேகிள் படிமுறை.

ஜேக்கப்சனும் கேரல்சும் செய்தது

இருவரும் எழுதிய கட்டுரை 1988 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிக்காம் மாநாட்டில் வெளியானது. அதில் வரும் ஒரு வரைபடம் நிலைமையைத் தெளிவாகக் காட்டுகிறது. வினாடிக்கு 230.4 கிலோபிட் செல்லக்கூடிய நுண்ணலை இணைப்பின் இரு முனைகளிலும் ஈதர்நெட் வலைகள். அனுப்பும் கணினி தன் சாளரத்தில் இருக்கும் எல்லாப் பொட்டலங்களையும் ஈதர்நெட்டின் வேகத்தில் ஒரே மூச்சில் கொட்டுகிறது. குறுகிய இணைப்பின் வாசலில் இருக்கும் பொறியால் அவ்வளவையும் பிடித்துவைக்க முடியாது, மிஞ்சியவை தொலைகின்றன. கணினி மறுபடி கொட்டுகிறது. விளைவு, இணைப்பின் கொள்ளளவில் 35 சதவீதம் மட்டுமே பயன்பட்டது. தரவின் ஒரு பகுதி ஐந்து முறை அனுப்பப்பட்டிருந்தது. இத்தனைக்கும் அந்தப் பாதையில் வேறு யாருடைய போக்குவரத்தும் குறுக்கிடவில்லை.

அவர்கள் முன்வைத்த அடிப்படை எண்ணம் பொட்டலச் சமநிலை. நிறைந்த பாதையிலிருந்து ஒரு பொட்டலம் வெளியேறினால்தான் இன்னொன்று உள்ளே போக வேண்டும். வெளியேறியது எப்படித் தெரியும்? ஒப்புகை வந்தால் தெரியும். அப்படியானால் ஒப்புகைகளே கடிகாரமாகிவிடும். பாதையில் எவ்வளவு குறுகலான இடம் இருக்கிறதோ அந்த வேகத்தில்தான் ஒப்புகைகள் திரும்பி வரும், அந்த வேகத்தில்தான் புதியவை கிளம்பும். இதைவிட எளிமையாக ஒரு கட்டுப்பாட்டை யோசிப்பது கடினம்.

கடிகாரத்தை ஓடவைக்க முதலில் ஒரு தள்ளல் வேண்டும். அதற்காக வந்ததுதான் 'மெதுத் தொடக்கம்'. ஒரு பொட்டலத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போவது. பெயரில் மெது இருந்தாலும் இரட்டிப்பு ஆவதால் விரைவாகவே உச்சத்தைத் தொட்டுவிடும். முன்பிருந்த மூர்க்கத்தோடு ஒப்பிட்டால்தான் அது மெது. உச்சத்தைத் தொட்ட பிறகு சாளரம் சுற்றுக்கு ஒரு பொட்டலமாக மட்டும் வளரும். பொட்டலம் தொலைந்தால் பாதியாகக் குறையும். கூட்டும்போது கொஞ்சம், குறைக்கும்போது பாதி. பலர் ஒரே பாதையைப் பகிரும்போது இந்த விதி எல்லோரையும் சமமான பங்கை நோக்கிக் கொண்டுபோகும் என்பதை டா-மிங் சியு, ராஜ் ஜெயின் இருவரும் 1989இல் கணித வழியில் காட்டினார்கள்.

காத்திருக்கும் நேரத்தைக் கணிப்பதிலும் ஒரு பிழை இருந்தது. பழைய முறை சராசரிப் பயண நேரத்தை எடுத்து அதை இரண்டால் பெருக்கிக்கொண்டது. பாதையில் சுமை கூடும்போது சராசரி மட்டும் கூடுவதில்லை, ஏற்ற இறக்கமும் வேகமாகக் கூடுகிறது. பழைய முறை 30 சதவீதச் சுமை வரைதான் தாக்குப்பிடிக்கும் என்று கட்டுரை கணக்கிட்டது. அதற்கு மேல் போனால் தொலையாததைத் தொலைந்ததாக நினைக்கத் தொடங்கும். ஏற்ற இறக்கத்தையும் அளந்து சேர்த்துக்கொள்வது திருத்தம். இதற்கு ஓராண்டு முன் பில் கார்ன், கிரேக் பார்ட்ரிட்ஜ் இருவரும் இன்னொரு ஓட்டையை அடைத்திருந்தனர். மறுபடி அனுப்பிய பொட்டலத்துக்கு வரும் ஒப்புகை முதல் பிரதிக்கானதா, இரண்டாவதற்கானதா என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த அளவைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. கார்ன் ஓர் அமெச்சூர் வானொலிக்காரர். அடிக்கடி தரவு தொலையும் வானொலி இணைப்புகளோடு பழகியவருக்கு இது கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

இந்தத் திருத்தங்கள் 1988இல் பிஎஸ்டியின் தாஹோ வெளியீட்டிலும், மேலும் மெருகேறி 1990இல் ரெனோ வெளியீட்டிலும் பரவின. தாஹோவில் ஒரு பொட்டலம் தொலைந்தாலே சாளரம் ஒன்றுக்குச் சுருங்கி மறுபடி மெதுத் தொடக்கம்தான். ரெனோவில், பின்னால் வந்தவற்றுக்கு ஒப்புகை கிடைத்துக்கொண்டிருந்தால் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் மென்பொருளை உலகெங்கும் கணினி நிர்வாகிகள் தாங்களாகவே நிறுவிக்கொண்டார்கள் என்பது இந்த வரலாற்றில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் பகுதி.

ஓர் அனுமானமும் அதன் விலையும்

1988 கட்டுரையில் ஒரு வாக்கியம் பெரிய பாரத்தைச் சுமக்கிறது. பெரும்பாலான பாதைகளில் பொட்டலம் பழுதாகித் தொலைவது ஒரு சதவீதத்துக்கும் மிகக் குறைவு. ஆகவே தொலைந்தால் நெரிசல் என்றே கொள்ளலாம் என்கிறார்கள். கம்பி வலைக்கு இது சரி. ஆனால் டிசிபி பிறந்ததே வானொலியையும் செயற்கைக்கோளையும் இணைக்கத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இதில் உள்ள முரண் தெரியும்.

கம்பியில்லா வலைகள் பரவத் தொடங்கியபோது அந்த அனுமானம் பிசகியது. சுவர் குறுக்கிட்டாலும், கைப்பேசி நகர்ந்தாலும், அலைகள் மோதிக்கொண்டாலும் பொட்டலம் தொலையும். நெரிசலே இருக்காது. டிசிபிக்கு அது தெரியாது; வேகத்தைப் பாதியாக்கிவிடும். காலியாகக் கிடக்கும் சாலையில், கண்ணில் தூசி விழும்போதெல்லாம் பிரேக்கை அழுத்தும் ஓட்டுநர் மாதிரி. 1997இல் மேத்யூ மேதிஸ் குழுவினர் இதை ஒரு சூத்திரமாக்கினர். டிசிபியின் வேகம் பயண நேரத்துக்கு எதிர்விகிதத்திலும், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பொட்டலம் 1,460 பைட், போய்வரும் நேரம் 200 மில்லிவினாடி, இழப்பு ஒரு சதவீதம் என்றால் கிடைக்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 0.7 மெகாபிட். இணைப்பு 100 மெகாபிட் என்று விளம்பரம் சொன்னாலும் இந்த எண் மாறாது. வழங்கி பக்கத்தில் இருந்து, போய்வரும் நேரம் 20 மில்லிவினாடியானால் அதே இழப்பில் 7 மெகாபிட் கிடைக்கும். தொலைவில் இருப்பவரும் தரமற்ற இணைப்பில் இருப்பவரும் ஒரே நேரத்தில் இரண்டு தண்டனை பெறுகிறார்கள்.

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்தவர்களில் ஹரி பாலகிருஷ்ணன் முக்கியமானவர். சென்னை ஐஐடியில் 1993இல் இளநிலைப் பட்டம் பெற்று பெர்க்லிக்குப் போனவர். அங்கே வெங்கட பத்மநாபன், ஸ்ரீநிவாசன் சேஷன், ராண்டி காட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 1996இல் அவர் வெளியிட்ட ஒப்பாய்வு, கம்பியில்லா இணைப்புகளில் டிசிபியை மேம்படுத்தும் வழிகளை அருகருகே வைத்து அளந்தது. அவர்களுடைய 'ஸ்னூப்' முறையில், கோபுரத்தின் பக்கம் இருக்கும் நிலையம் கடந்துபோகும் பொட்டலங்களின் நகலை வைத்துக்கொள்ளும். காற்றில் ஒன்று தொலைந்தால் தானே அதை மறுபடி அனுப்பிவிடும். தொலைந்த செய்தி தூரத்தில் இருக்கும் அனுப்புநரின் காதுக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளும். தொலைந்ததைக் காற்றின் எல்லைக்குள்ளேயே சரிசெய்யும் இந்த அணுகுமுறை, வேறு வேறு வடிவங்களில், கைப்பேசி வலைகளில் இயல்பானது.

யானைகள்

நீளமும் ஒரு நிலைமைதான். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் செய்தி போய் ஒப்புகை வர ஏறத்தாழ அரை வினாடி. டிசிபி தலைப்பில் சாளரத்துக்கு 16 பிட் இடம்தான். அதிகபட்சம் 65,535 பைட். அரை வினாடிக்கு ஒருமுறை அவ்வளவுதான் அனுப்ப முடியும் என்றால், செயற்கைக்கோளின் கொள்ளளவு எதுவானாலும் ஓர் இணைப்புக்கு வினாடிக்கு ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. இப்படி நீண்டு பருத்த பாதைகளின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தை 'எலிஃபன்' என்று உச்சரிக்கும்படி 1988இல் வந்த ஆர்.எஃப்.சி. 1072 வேடிக்கையாகச் சொல்கிறது. யானைக்குத் தீனி போடும் வழி 1992இல் ஆர்.எஃப்.சி. 1323 மூலம் வந்தது. சாளர எண்ணைப் பெருக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

சாளரம் பெரிதானதும் அடுத்த சிக்கல் தலைதூக்கியது. வினாடிக்கு 10 கிகாபிட், போய்வர 100 மில்லிவினாடி என்ற பாதையை நிரப்ப 1,500 பைட் பொட்டலங்கள் ஏறத்தாழ 83,000 வேண்டும். ஒன்று தொலைந்து சாளரம் பாதியானால், சுற்றுக்கு ஒன்று என்ற ரெனோ விதிப்படி பழைய நிலைக்கு வர 69 நிமிடம் ஆகும். இதற்கு விடையாக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்ஜாங் ரீ குழுவினர் உருவாக்கியது கியூபிக். கடைசியாகத் தொலைந்த அளவை நினைவில் வைத்து, அதன் அருகே வரை வேகமாக ஏறி, அங்கே தயங்கி நின்று, பிறகு மேலும் தேடும் கன வளைகோடு. 2006 முதல் லினக்ஸில் இயல்பாக வருவது இதுதான்.

வீங்கிய வரிசைகள்

நினைவகம் மலிந்தபோது, மோடம், ரூட்டர் செய்பவர்கள் பொட்டலம் தொலைவதே குற்றம் என்று நினைத்துக் காத்திருப்பு இடத்தை (பஃபர்) தாராளமாக வைத்தார்கள். பொட்டலம் தொலையவில்லை; ஆகவே டிசிபிக்கு நெரிசல் தெரியவில்லை; ஆகவே வரிசை நிரம்பும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தது. 1988இன் அனுமானம் இம்முறை எதிர்ப்பக்கத்தில் பிசகியது. வினாடிக்கு ஒரு மெகாபிட் மேலேற்றும் இணைப்பின் மோடத்தில் 256 கிலோபைட் பஃபர் இருந்தால், அது நிரம்பியபின் வரும் ஒவ்வொரு பொட்டலமும் இரண்டு வினாடிக்கு மேல் வரிசையில் நிற்கும். வீட்டில் ஒருவர் புகைப்படங்களைப் பதிவேற்றும்போது இன்னொருவரின் காணொலி அழைப்பு திக்குவதற்கு இதுவே காரணம். கூடுதல் வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டியும் இது தீராமல் போனதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். கம்பியில்லா நிலையங்களில் தொலைந்ததை அங்கேயே சரிசெய்யும் ஏற்பாடும் தன் பங்குக்கு வரிசைகளை வளர்த்தது. ஒரு நோயின் மருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தது.

எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010இல் தன் வீட்டு இணைப்பில் இதைக் கவனித்து அளந்தார். 'பஃபர்புளோட்' என்ற பெயர் அவரால் பரவியது. வரிசை நிரம்பும் முன்பே ரூட்டர் ஒன்றிரண்டைக் கைவிட்டு எச்சரிக்க வேண்டும் என்று சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993இலேயே 'ரெட்' என்ற முறையைச் சொல்லியிருந்தார்கள். அதன் அளவுருக்களைச் சரியாக வைப்பது கடினமாக இருந்ததால் பலரும் அதை அணைத்தே வைத்திருந்தனர். 2012இல் கேத்லீன் நிக்கோல்சும் ஜேக்கப்சனும் 'கோடல்' முறையைத் தந்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்ப்பதால், அதைப் பெரிதாக ஒழுங்குசெய்யத் தேவையில்லை.

இழப்பை நம்பாமல்

இழப்புக்காகக் காத்திராமல், தாமதம் கூடுவதையே நெரிசலின் அறிகுறியாகக் கொள்ளலாம் என்ற எண்ணம் பழையது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1994இல் வந்த வேகாஸ் அப்படித்தான் செயல்பட்டது. தனியாக இருந்தால் நன்றாக ஓடியது. ரெனோவோடு ஒரே பாதையைப் பகிர்ந்தால் தோற்றது. வேகாஸ் மரியாதையாக ஒதுங்க, ரெனோ அந்த இடத்தையும் நிரப்பிக்கொண்டது. 2016இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட பிபிஆர், பாதையின் கொள்ளளவையும் குறைந்தபட்சப் பயண நேரத்தையும் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ற வேகத்தில் அனுப்புகிறது. அந்தக் கட்டுரையை எழுதிய ஐவரில் ஜேக்கப்சனும் ஒருவர். தன் பழைய அனுமானத்தைத் தானே கைவிட்டார் என்று சொல்லலாம். யூடியூபில் இதைப் பயன்படுத்தியபோது போய்வரும் நேரத்தின் இடைநிலை அளவு உலக அளவில் சராசரியாக 53 சதவீதமும், வளரும் நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேலும் குறைந்ததாக அவர்கள் எழுதினார்கள். மோசமான வலையில் இருந்தவர்களே அதிகம் பயன்பெற்றார்கள். ஆனால் சிறிய பஃபர் உள்ள பாதைகளில் முதல் பிபிஆர் இழப்பைப் பொருட்படுத்தாமல் அனுப்பி, கியூபிக்கின் பங்கையும் பறிப்பதாகப் பிற ஆய்வாளர்கள் காட்டினர். அடுத்த பதிப்புகள் இழப்பையும் மறுபடி கணக்கில் எடுக்கத் தொடங்கின.

இதற்கிடையே டிசிபியையே விட்டு வெளியேறும் முயற்சியும் நடந்தது. டிசிபி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் தருகிறது. ஒரு படத்தின் துண்டு தொலைந்தால் அதன் பின்னால் பத்திரமாக வந்து சேர்ந்த எழுத்துகளும் காத்திருக்க வேண்டும். இணைப்பு தொடங்கும்போதும் டிசிபி கைகுலுக்கல், அதன்மேல் குறியாக்கக் கைகுலுக்கல் என்று பழைய முறையில் மூன்று சுற்றுகள் போகும்; போய்வர 300 மில்லிவினாடி ஆகும் இணைப்பில் ஒரு வரி கூட வருவதற்கு முன் ஏறத்தாழ ஒரு வினாடி போய்விடும். கூகுளில் ஜிம் ராஸ்கைண்ட் 2012இல் வடிவமைத்த குவிக், யுடிபியின் மேல் அமர்ந்து இரு கைகுலுக்கல்களையும் ஒன்றாக்கியது; ஓடைகளைத் தனித்தனியாகப் பிரித்தது. வைஃபையிலிருந்து கைப்பேசி வலைக்கு மாறினாலும் இணைப்பு அறுபடாதபடி அதற்குத் தனி அடையாள எண் தந்தது. 2021 மே மாதம் அது ஆர்.எஃப்.சி. 9000 என்ற தரமானது.

அதனுடன் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 9002, குவிக்கின் நெரிசல் கட்டுப்பாட்டைப் பற்றியது. வேறு படிமுறைகளைப் பயன்படுத்த அது அனுமதிக்கிறது. எடுத்துக்காட்டாக அது விரிவாக விளக்குவது ரெனோவின் வழிவந்த ஒரு முறை: மெதுத் தொடக்கம், பிறகு சுற்றுக்கு ஒரு பொட்டலமாக வளர்ச்சி, பொட்டலம் தொலைந்தால் பாதி.